லூசியா ஹாரிஸ்: கணக்கில் ஏறாத ஆட்டம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் வாசித்து வந்ததில் ஒரு வரிசை இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங், அப்புறம் மால்கம் எக்ஸ், அதற்கப்புறம் கருஞ்சிறுத்தைகள். இலக்கியம் என்றால் டோனி மாரிசன், ஆலிஸ் வாக்கர். விளையாட்டுக்கு முகமது அலி ஒருத்தர் போதும் என்று நிறுத்திக்கொண்டோம். பந்து விளையாடிய ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி நம் பக்கங்களில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. விளையாட்டில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கிற தோழர்கள் உண்டு. உடல் உழைப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அதே உடம்பு தன் விருப்பத்துக்கு ஓடிக் குதிக்கிற இடத்தைப் பேசாமலே விட்டிருக்கிறோம். அதனால்தான் லூசியா ஹாரிஸ் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தில் முதல் புள்ளி எடுத்தவர் அவர். ஆண்களுக்கான என்பிஏ அணியொன்று முறைப்படி தேர்வு செய்த முதல் பெண். கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். இத்தனை ‘முதல்’ உள்ள ஒருத்தரைப் பெரும்பாலான அமெரிக்கர்களே 2021 வரை அறியாமல் இருந்தார்கள். அந்த வருசம் பென் பிரவுட்ஃபுட் என்பவர் 22 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தார். ‘தி குவீன் ஆஃப் பாஸ்கட்பால்’ என்று பெயர். அதற்குப் பிறகுதான் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. இவர் கதையில் ‘முதல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கொண்டாடுவது சுலபம். முதலாவதாக வந்தவருக்கு இரண்டாவதாகக் காலை வைக்க ஓர் இடம் இருந்ததா என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

லூசியா 1955 பிப்ரவரி 10 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் மின்டர் சிட்டி என்ற ஊரில் பிறந்தார். பெயரில்தான் சிட்டி. லெஃப்ளோர் கவுண்டியில் பருத்திக் காட்டுக்கு நடுவே கிடக்கிற கிராமம் அது. மிசிசிப்பி டெல்டா என்று சொல்லப்படும் கரிய வண்டல் நிலம். காடாகவும் சதுப்பாகவும் கிடந்ததை வெட்டித் திருத்தியது கறுப்பர்களின் கை. நிலம் வெள்ளையர் பேரில். லூசியாவின் பெற்றோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். பிள்ளைகள் நிறைந்த வீடு. பிள்ளைகளும் பருத்தி எடுத்தார்கள்.

அந்த வார முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் அது திரும்பத் திரும்ப வரப் போகிறது. அடிமை முறை 1865இல் ஒழிந்தது. நாற்பது ஏக்கர் நிலம் கிடைக்கும் என்று நம்பிய மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எசமானின் நிலத்திலேயே வாரத்துக்கு உழ வேண்டி வந்தது. விதை, ஏர், கோவேறு கழுதை, குடியிருக்கக் குடிசை எல்லாம் நிலக்காரன் தருவான். மாவும் பன்றிக் கொழுப்பும் துணியும் பண்ணைக் கடையில் கடனுக்கு. பருத்தி எடுத்து முடிந்து, வருசக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நாள் வரும். விளைச்சலில் பாதி உழுதவனுக்கு என்று பேச்சு. ஆனால் கணக்குப் புத்தகம் நிலக்காரன் கையில். இத்தனை மூட்டை, இன்ன விலை, கடன் இவ்வளவு, வட்டி இவ்வளவு, கழித்துப் பார்த்தால் நீதான் எனக்குத் தர வேண்டும் என்பான். புத்தகத்தைக் காட்டு என்று கேட்ட கறுப்பன் அந்த ஊரில் உயிரோடு இருப்பது கஷ்டம். என் அம்மா கரிசல் காட்டில் பங்குக்குப் பருத்தி எடுத்தவள். எத்தனை பங்குக்கு ஒரு பங்கு கூலி என்று நிலக்காரர் சொல்வதுதான் கணக்கு. “நாம எடுத்தது நமக்குத் தெரியும், அவுக எழுதுனது அவுகளுக்குத் தெரியும்” என்பாள். டெல்டாவின் கணக்குத் தீர்ப்பைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

லூசியா பிறந்து ஆறு மாதம் இருக்கும்போது, 1955 ஆகஸ்டில், அதே லெஃப்ளோர் கவுண்டியின் மனி என்ற ஊரில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையனை வெள்ளையர்கள் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்பது குற்றம். பக்கத்துக் கவுண்டியில் சம்னர் நீதிமன்றத்தில் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த நடுவர் குழு 67 நிமிடத்தில் கொலையாளிகளை விடுதலை செய்தது. கவுண்டியின் தலைநகர் கிரீன்வுட். கறுப்பர்களுக்கு எதிராக மேல்தட்டு வெள்ளையர்கள் கட்டிய சிட்டிசன்ஸ் கவுன்சில் தொடக்க காலத்தில் தலைமையகம் வைத்திருந்த ஊர் அது. கறுப்பர்கள் ஓட்டுரிமைக்குப் பெயர் எழுதப் போனார்கள் என்பதற்காக, 1962 குளிர்காலத்தில் மத்திய அரசின் இலவச உணவுப் பொருள் விநியோகத்தையே கவுண்டி நிர்வாகம் நிறுத்தியது. பட்டினி போட்டால் வழிக்கு வருவார்கள் என்ற கணக்கு. ஊர்ப்பக்கம் வேலைக்குக் கூப்பிடாமல், கடையில் சாமான் கொடுக்காமல் ஒதுக்கி வைப்பது நமக்குத் தெரியாததா.

அதே கிரீன்வுட்டில்தான் 1966 ஜூன் 16 இரவு, சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் ‘பிளாக் பவர்’ என்று முழங்கினார். அவரும் தோழர்களும் அலபாமாவின் லோண்ட்ஸ் கவுண்டியில் கட்டிய கட்சியின் சின்னம் கருஞ்சிறுத்தை. அந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டு அதே வருசம் ஓக்லண்டில் கருஞ்சிறுத்தைக் கட்சி வந்தது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் தலித் பேந்தரைத் தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் சிறுத்தை என்ற பெயர் எப்படி வந்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்மைக்கேல் பேசிய அந்த இரவில், கொஞ்ச தூரத்தில் பருத்திக் காட்டில் லூசியாவுக்குப் பதினோரு வயது.

பதினோரு வயதுப் பிள்ளைக்கு அரசியல் கூட்டத்தைவிடக் கூடைப்பந்துதான் பெரிதாக இருந்திருக்கும். அண்ணன்மாரும் அக்காமாரும் வீட்டுக்கு வெளியே வளையம் மாட்டி ஆடினார்கள், இவரும் சேர்ந்துகொண்டார். ராத்திரி தொலைக்காட்சியில் ஆட்டம் வரும். படுக்கச் சொல்லி அம்மா சத்தம் போடுவார். லூசியா மெத்தைப் போர்வையைத் தூக்கித் தன் தலையையும் தொலைக்காட்சியையும் சேர்த்து மூடிக்கொண்டு, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஆட்டம் பார்ப்பாராம். பில் ரசல், வில்ட் சேம்பர்லின், எல்லாருக்கும் மேலே ஆஸ்கர் ராபர்ட்சன். அவர் பார்த்த எல்லாரும் ஆண்கள். பெண்கள் ஆடுவதைக் காட்டத் தொலைக்காட்சியில் ஒன்றும் இல்லை.

உயரமான பிள்ளை. வளர்ந்து முடிந்தபோது 6 அடி 3 அங்குலம். பள்ளிக்கூடத்தில் கேலி. நெட்டை, நெட்டையைத் தவிர வேறு ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு எதுகைப் பாட்டுக் கட்டிச் சொல்வார்களாம். படத்தில் இதைச் சொல்லும்போது அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா சிரிக்கிறார். கிரீன்வுட்டில் அமாண்டா எல்சி என்ற கறுப்பினக் கல்வியாளரின் பெயர் தாங்கிய பள்ளியில் படித்தார். 1970ஐ ஒட்டி உச்சநீதிமன்ற உத்தரவால் மிசிசிப்பிப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டப்படி முடிந்தது. உடனே வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளி தொடங்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கான்வே ஸ்டூவர்ட் என்ற பயிற்சியாளர் லூசியாவைக் கண்டெடுத்தார். ஒரே ஆட்டத்தில் 46 புள்ளி எடுத்தார், பள்ளி அளவில் அது சாதனை. கேலி செய்த உயரம் இப்போது வேலைக்கு உதவியது.

பள்ளி முடித்ததும் ஆல்கார்ன் ஸ்டேட் என்ற கறுப்பர் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தார். அங்கே பெண்கள் அணி இல்லை. போயிருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்தது. பொலிவர் கவுண்டியில் கிளீவ்லண்ட் என்ற ஊரில் இருக்கிற கல்லூரி. 1960களின் பிற்பகுதிவரை வெள்ளையர்களுக்கு மட்டும். 1969இல் அங்கே படித்த கறுப்பின மாணவர்கள் உரிமை கேட்டு உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். கைது செய்து பார்ச்மன் சிறைக்கே கொண்டுபோனார்கள். நாலு வருசம் கழித்து, 1973இல், லூசியா அங்கே சேர்ந்தார்.

அந்த அணியை அப்போதுதான் மறுபடி தொடங்கியிருந்தார் மார்கரெட் வேட் என்ற அறுபது வயது வெள்ளைக்கார அம்மா. அவர் மாணவியாக இருந்தபோது அதே கல்லூரியில் ஆடியவர். கூடைப்பந்து பெண்களின் உடம்புக்கு ஆகாது, ரொம்பக் கடினம் என்று சொல்லி 1932இல் நிர்வாகம் அணியையே கலைத்துவிட்டது. சீருடையைக் கொளுத்திவிட்டுக் கலைந்தார்களாம் அந்தப் பெண்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெண் உடம்பு மென்மையானது, ஓடினால் கெட்டுவிடும் என்று கல்லூரி சொன்ன அதே 1932இல், கல்லூரியைச் சுற்றியிருந்த காடுகளில் கறுப்பினப் பெண்கள் ஆளைவிட நீளமான கோணிப்பையைத் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து அடைகிறவரை பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உடம்பு கெட்டுவிடும் என்று யாரும் கவலைப்படவில்லை. மென்மை என்பதும் சொத்துதான், அதுவும் வெள்ளையர் பேரில் எழுதப்பட்ட சொத்து. பெண்ணியம் பேசுகிற நம் மேல்சாதித் தோழிகளோடு நமக்கு வருகிற சண்டையும் ஏறக்குறைய இதுதான்.

வேட் மீதும் குறை சொல்வதற்கில்லை. நாற்பது வருசம் காத்திருந்து திரும்பி வந்து அணி கட்டியவர். 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ என்ற கல்விச் சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்றதால் கதவு திறந்தது. ஆனாலும் பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை அங்கே இன்னும் வரவில்லை. லூசியா படிப்புக்கான உதவித்தொகையிலும், கல்லூரியிலேயே வேலை செய்து சம்பாதிக்கிற திட்டத்திலும்தான் படித்தார். அணியில் கறுப்பினப் பெண் அவர் ஒருத்தர்தான்.

அவர்கள் ஆடிய உள்ளரங்கத்தின் பெயர் வால்டர் சில்லர்ஸ் கொலிசியம். மிசிசிப்பி சட்டமன்றத்தில் 1944இலிருந்து 1966 வரை சபாநாயகராக இருந்து, இனப் பிரிவினையைக் கட்டிக் காத்த பெருநிலக்காரர் அந்த சில்லர்ஸ். அவர் பெயர் எழுதிய கூரைக்குக் கீழே வாரக்குடியின் மகள் ஆடினார். வெள்ளைக்காரக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் ஆட்டத்துக்கு ஆண்கள் ஆட்டத்தைவிட அதிகமாக ஆள் சேர்ந்தது என்கிறார்கள்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளையத்துக்கு அருகே முதுகைக் கொடுத்து இடம் பிடித்து நிற்பது, பந்து கைக்கு வந்ததும் திரும்பிப் போடுவது, போட்டது தவறினால் திரும்புகிற பந்தைத் தானே எட்டிப் பிடித்து மறுபடி போடுவது. அலங்காரம் இல்லாத ஆட்டம். நடுவில் நிற்கிற ஆளைச் சுற்றி எதிரணியின் இரண்டு மூன்று பேர் முட்டி மோதிக்கொண்டே இருப்பார்கள். நகராமல் நிற்கத் தெரிய வேண்டும். நாலு வருசத்தில் 2,981 புள்ளி, 1,662 முறை திரும்பிய பந்தைப் பிடித்தது. ஆட்டத்துக்குச் சராசரி 25.9 புள்ளி. ஒரு ஆட்டத்தில் 58 எடுத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் பெண்கள் கல்லூரி விளையாட்டுகளை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற பெண்களின் சங்கம். ஆண்களுக்கான பணக்காரச் சங்கமான என்சிஏஏ பெண்களைக் கண்டுகொள்ளவில்லை. 1975இல் டெல்டா ஸ்டேட் 28 ஆட்டம் ஆடி 28இலும் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில், அதற்கு முன் மூன்று வருசமும் பட்டம் வாங்கியிருந்த இம்மாக்குலாட்டா கல்லூரியை 90-81 என்று தோற்கடித்தது. அதில் லூசியா 32 புள்ளி. 1976இலும் இம்மாக்குலாட்டா, 69-64. 1977இல் லூசியானா ஸ்டேட், 68-55. மூன்று வருசம், மூன்று தேசியப் பட்டம். இடையில் தொடர்ந்து 51 வெற்றி. 1977இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 47 புள்ளி எடுத்தார்.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு மாணவர்கள் ஓட்டுப் போட்டு ஒரு ராணியைத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் அமெரிக்காவில் உண்டு. டெல்டா ஸ்டேட்டின் முதல் கறுப்பின ராணியாக லூசியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தயக்கம் உண்டு. ஜெயித்துக் கொடுக்கிறவரை தலையில் தூக்கி வைப்பார்கள் என்று அலட்சியமாகத் தள்ளிவிடலாம். ஆனால் நெட்டை, கறுப்பு என்று கேலி கேட்டு வளர்ந்த பெண்ணின் தலையில் மணிமுடி வைத்தபோது, அதைப் பார்த்த டெல்டாவின் கறுப்பினச் சிறுமிகளுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக். ஆண்கள் கூடைப்பந்து 1936லிருந்தே இருக்கிறது. பெண்களுக்கு இதுதான் முதல் தடவை. ஜூலை 19 அன்று ஜப்பானோடு முதல் ஆட்டம். அதில் முதல் புள்ளிகளை எடுத்தவர், 7ஆம் எண் சட்டை போட்ட லூசியா ஹாரிஸ். அமெரிக்கா அந்த ஆட்டத்தில் தோற்றது. சோவியத் ஒன்றியம் தங்கம், அமெரிக்கா வெள்ளி. அமெரிக்க அணியில் அதிகப் புள்ளி லூசியாவுக்குத்தான். இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். நிறவெறி தென்னாப்பிரிக்காவில் போய் ரக்பி ஆடிய நியூசிலாந்தை வெளியேற்றவில்லை என்று, அதே ஒலிம்பிக்கிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் விலகின. கறுப்பின வீரர்கள் ஒருபக்கம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப, மறுபக்கம் ஒரு கறுப்பினப் பெண் புதிய ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த வருசத்து ஒலிம்பிக் என்றால் நாதியா கொமனேச்சியின் பத்துக்குப் பத்து மட்டும்தான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிற சம்பவம் அடுத்த வருசம் நடந்தது. என்பிஏ அணிகள் கல்லூரி முடிக்கிற ஆட்டக்காரர்களை வருசா வருசம் முறை வைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும், டிராஃப்ட் என்பார்கள். 1977 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி ஏழாவது சுற்றில், 137ஆவது பெயராக, லூசியா ஹாரிஸ் என்றது. 1969இல் டெனிஸ் லாங் என்ற பெண்ணை ஒரு அணி பெயர் சொன்னது உண்டு; அதை என்பிஏ செல்லாது என்று தள்ளிவிட்டது. ஆகவே முறைப்படி லூசியாதான் முதல். அவர் போகவில்லை. அந்த பிப்ரவரியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது, வயிற்றில் குழந்தை. தவிர அது விளம்பரத்துக்காகச் செய்த வேலை என்று அவருக்கே தெரிந்திருந்தது. போகாததற்கு வருத்தமில்லை என்று படத்திலும் தெளிவாகச் சொல்கிறார்.

படத்துக்குப் பிறகு எழுதியவர்களில் பலர் இதையே அவர் வாழ்க்கையின் உச்சியாக வைத்து எழுதினார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. மூன்று தேசியப் பட்டம், ஒலிம்பிக் வெள்ளி எல்லாம் இருந்தும், ஆண்கள் பட்டியலில் கடைசிப் பக்கம் பெயர் வந்த நாள்தான் பெரிய நாளா? ஊர்க்காரர்கள் தங்கள் பந்தியில் ஒருநாள் இலை போட்டதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். லூசியா அந்த இலையில் உட்காரவில்லை, அது அவருடைய சுயமரியாதை. ஆனால் உட்காராமல் எழுந்து வந்தவருக்கு, போய்ச் சாப்பிட வேறு பந்தி இல்லை. 22 வயதில், அமெரிக்காவிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரி, ஆடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற பெண்கள் லீக் நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்போது டெல்டா ஸ்டேட்டிலேயே மாணவர் சேர்க்கை ஆலோசகராகவும் உதவிப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். 1978 டிசம்பரில் டபிள்யூபிஎல் என்று பெண்களுக்கான முதல் தொழில்முறை லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது. ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணி லூசியாவைக் கேட்டது. முதல் வருசம் அவரால் போக முடியவில்லை. 1979-80 பருவத்தில் போய் ஆடினார். அந்தப் பருவத்தோடு அணி மூடப்பட்டது. லீக் 1981 வரை தள்ளாடியது. சம்பளம் ஒழுங்காக வராத லீக் அது. 1981இல் மினசோட்டா அணிப் பெண்கள் சம்பளப் பாக்கிக்காக ஆட்டம் தொடங்கும் நேரத்தில் களத்தை விட்டு வெளியே நடந்தார்கள். கூடைப்பந்தை வைத்துச் சோறு தின்ன லூசியா ஹாரிஸுக்குக் கிடைத்த காலம், முழுதாகக் கூட்டினாலும், ஒரே ஒரு பருவம். அவருடைய தொழில்முறை வாழ்க்கை என்று எழுத வேண்டியது இவ்வளவுதான்.

மான்ட்ரியலில் கூட ஆடியவர்களைப் பாருங்கள். பேட் ஹெட், பிற்பாடு பேட் சம்மிட் என்று தெரிய வந்தவர், டென்னசி பல்கலைக்கழகத்தில் 2012 வரை பயிற்சியாளராக இருந்து எட்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆன் மையர்ஸுக்கு 1979இல் இந்தியானா பேசர்ஸ் என்ற என்பிஏ அணி 50,000 டாலர் ஒப்பந்தம் போட்டது; அணியில் இடம் கிடைக்கவில்லை, ஆனால் தொலைக்காட்சி வர்ணனையாளராக நீண்ட வாழ்க்கை அமைந்தது. இருவரும் திறமைசாலிகள், உழைப்பாளிகள், பெண் என்பதால் பட்டதை அவர்களும் பட்டார்கள். ஆனாலும் ஆட்டம் முடிந்த பிறகு போய் உட்கார அவர்களுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அணியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு அது இல்லை. கறுப்பு, டெல்டா, வாரக்குடி வீடு, கைக்குழந்தை எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டாமல், பெண் என்று மட்டும் எழுதினால் இந்த வித்தியாசம் விளங்காது.

1984இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். ஹூஸ்டனில் உள்ள டெக்சஸ் சதர்ன் என்ற கறுப்பர் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் தலைமைப் பயிற்சியாளர். பிறகு மிசிசிப்பிக்கே திரும்பி, தான் படித்த பள்ளியில் ஆசிரியையாகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். நாலு பிள்ளைகளுக்குத் தாய். இதற்கிடையில் இருமுனை மனநோய் அவரைப் பிடித்தது. மனசு ஒரேயடியாக எழும்பும், ஒரேயடியாக விழும். நோய் என்று தெரிந்து பெயர் வைக்கவே காலம் எடுத்தது. படத்தில் அவர் இதை மறைக்காமல் சொல்கிறார். ஆட்டம் நின்று போனதால்தான் நோய் வந்தது என்று எழுத நான் தயாராக இல்லை. உடம்பு நோய்க்கு இருக்கிற மாதிரி இதற்கும் பல காரணம் உண்டு. ஆனால் கூட்டத்தின் சத்தம் ஒரேநாளில் நின்று, அதற்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்காத வீட்டில் இருந்துகொண்டு அதைத் தாங்குவது தனிப் பாடு. நம் சேரிகளில் இதைப் பேய், செய்வினை என்று சொல்லிக் கோவில் கோவிலாகக் கூட்டிப் போகிறோம். பெண்ணாக இருந்தால் கட்டிப்போடுகிறோம். ஒரு சாதனைப் பெண் தன் வாயால் எனக்கு மனநோய் என்று சொன்னதற்காகவே அந்தப் படத்தை நம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம்.

1992இல் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். ஆட்டக்காரர்களாக அங்கே நுழைந்த முதல் பெண்கள் லூசியாவும் நெரா ஒயிட்டும். கறுப்பினப் பெண்களில் லூசியாதான் முதல். அவரை மேடைக்கு அழைத்துப் போனவர் ஆஸ்கர் ராபர்ட்சன். போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு பார்த்த அதே ஆள். பெண்கள் தொழில்முறையில் நிலையாக ஆட டபிள்யூஎன்பிஏ லீக் வந்தது 1997இல். அப்போது லூசியாவுக்கு 42 வயது.

இனி அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். பெண்கள் விளையாட்டில் கூட்டம் சேர்கிறது, காசு வருகிறது என்று தெரிந்ததும் என்சிஏஏ 1982இல் பெண்கள் போட்டிகளைத் தானே நடத்தத் தொடங்கியது. பெண்கள் கட்டிய ஏஐஏடபிள்யூ மூடப்பட்டது. அதோடு பழைய கணக்கும் மூடியது. என்சிஏஏ தன் சாதனைப் பட்டியலை 1982லிருந்து எழுதியது. டெல்டா ஸ்டேட்டின் மூன்று பட்டமும், லூசியாவின் 2,981 புள்ளியும் அதில் ஏறவில்லை. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 2024 பிப்ரவரி 15 அன்று 3,527 புள்ளி என்ற பழைய சாதனையைத் தாண்டியபோது, பெண்களில் எல்லாக் காலத்துக்கும் இதுதான் அதிகம் என்று செய்தி போட்டார்கள். லினெட் உட்வர்ட் என்ற கறுப்பினப் பெண் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்காக 1981இலேயே 3,649 புள்ளியோடு முடித்திருந்தார். ஏஐஏடபிள்யூ காலம் என்பதால் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை. கிளார்க் அதையும் இரண்டே வாரத்தில் தாண்டிவிட்டார், அந்தப் பெண்ணின் திறமை மேல் நமக்கு ஒரு புகாரும் இல்லை. புத்தகம் யார் கையில் இருந்தது என்பதுதான் பேச்சு. நாம எடுத்தது நமக்குத் தெரியும் என்று என் அம்மா சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுபக்கம் விருதுகள் இருக்கின்றன. கல்லூரிப் பெண்களில் சிறந்த ஆட்டக்காரிக்கு 1978லிருந்து கொடுக்கிற கோப்பையின் பெயர் வேட் டிராஃபி. மார்கரெட் வேட் பெயரில் கோப்பை இருப்பது நியாயம். அந்த வேட்டுக்கு மூன்று பட்டமும் எடுத்துக் கொடுத்த கை அந்தக் கோப்பையை வாங்கியதில்லை, அவர் ஆடி முடித்த மறுவருசம்தான் அது தொடங்கியது.

டபிள்யூஎன்பிஏ வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், பிரிட்னி கிரைனரைச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கறுப்பினப் பெண். அமெரிக்க லீகில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு ரஷ்ய அணி கொடுத்ததால், மற்ற பல ஆட்டக்காரிகளைப் போல ஓய்வுக் காலத்திலும் அங்கே போய் ஆடினார். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகப் பிடித்து, ஒன்பது வருசத் தண்டனை போட்டு, டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் விட்டார்கள். அவர் ஏன் அங்கே போனார் என்ற கேள்வியை அமெரிக்கப் பத்திரிகைகள் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு விட்டுவிட்டன.

லூசியா ஹாரிஸ் 2022 ஜனவரி 18 அன்று, 66 வயதில் இறந்தார். இறந்த இடம் மவுண்ட் பேயூ. அந்த ஊரை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் 1887இல் தாங்களே நிலம் வாங்கி, காட்டை வெட்டி, கறுப்பர்களுக்காகக் கறுப்பர்களே அமைத்த ஊர். டெல்டாவின் நடுவில் தங்கள் பேரில் பட்டா உள்ள மண். எம்மெட் டில் வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களுக்கு அடைக்கலம் கிடைத்ததும் அங்கேதான். வாரக்குடியாக இருந்து, ஓட்டுரிமை கேட்டதற்காகக் குடிசையை விட்டு விரட்டப்பட்டு, மிசிசிப்பியையே கிடுகிடுக்க வைத்த ஃபானி லூ ஹேமர், 1977 மார்ச் 14 அன்று அதே மவுண்ட் பேயூவின் மருத்துவமனையில்தான் இறந்தார். லூசியா தன் மூன்றாவது பட்டத்தை வாங்கியதும் அந்த மார்ச் மாதம்தான்.

லூசியா இறந்து இரண்டு மாதம் கழித்து, 2022 மார்ச் 27 அன்று, அந்த 22 நிமிடப் படத்துக்கு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள்.